நில்ட்டன் சுத்தம் பண்ணின அணை

பேரு நில்ட்டன் பவுகார். வயசு இருபத்திமூணு. இருக்கறது அமெரிக்காவுல, ஐடஹோ மாநிலத்துல, ஹாக்கின்ஸ் ஓடைக்கரையில, கிளென்னா முதலாளியம்மாவோட ஆட்டுப்பண்ணையில. உடம்பு நல்லாத்தான் இருக்கு, சாப்பாடும் குறைவில்ல. வேலை போயிடுச்சு, பஸ் ஏத்திட்டாங்கன்னு தென்னமெரிக்க மலையில நம்ம யுராக்கோச்சா ஊர்ல ஒரு பேச்சு ஓடுதாம். கூட வேலை பாக்கற அப்தோன் அண்ணன் ஃபோன்ல யார்கிட்டயோ பாதிக் கதை சொல்லியிருக்கார். முழுக் கதையையும் கேட்டுட்டு அப்புறம் அழுவறவங்க அழுவலாம்.

ஜூலை கடைசி வரைக்கும் நில்ட்டன் மலை மேல ஆட்டுக்கூட்டத்தோட இருந்தான். கீழ பண்ணையில வாய்க்கால் பாத்துக்கிட்டிருந்த மெக்சிகோக்காரருக்கு அப்பா தவறிட்டார்னு தகவல் வந்து அவர் ஊருக்குப் போயிட்டார். அந்த வேலைக்கு முதலாளியம்மா நில்ட்டனைக் கீழ இறக்கினாங்க. ஓடையிலேருந்து மதகு வழியா தண்ணி வாய்க்காலுக்கு வரும், வாய்க்கால்லேருந்து புல்லு வயலுக்குப் போகும். அடைப்பு எடுக்கணும், மடை திருப்பணும், மறுபடி அடைப்பு எடுக்கணும். யுராக்கோச்சாவுல பொறந்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

வந்த அன்னிக்கு அப்தோன்தான் வாய்க்காலைக் காட்டினார். அவரும் நம்ம மலைக்காரர்தான், பக்கத்து ஊரு, இந்தப் பண்ணையில எட்டு வருஷமா இருக்கார். மேஸ்திரி மாதிரி.

"தம்பி, வாய்க்கால்ல ஒரு குச்சி கிடக்கக் கூடாது. அந்தம்மா வந்து ஒவ்வொரு மடையா குனிஞ்சு பாக்கும்."

"எது வரைக்கும்ணே சுத்தம் பண்ணணும்?"

"முடிஞ்ச வரைக்கும் பண்ணேன். உங்க ஊர்ல வாய்க்கால் தூர் வாரறதுக்கே பேண்டு வாத்தியம் வெச்சுக்கிட்டுப் போறவங்கதானே நீங்க. உனக்கு நான் வேற சொல்லணுமா."

அவர் கிண்டலாத்தான் சொன்னார். ஆனா அது நிஜம். யுராக்கோச்சாவுல தூர் வார்ற நாள்ல வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வரணும். கீழ் வயல்ல ஆரம்பிச்சா மேல ஊத்துக்கண்ணு வரைக்கும் போயே ஆகணும். பாதியில திரும்பினா அந்த வருஷம் தண்ணியும் பாதியில திரும்பிடும்னு சொல்லுவாங்க. ஊத்துக்கண்ணுல தொப்பியைக் கழட்டி, கொண்டு போன சாராயத்துல முதல் வாய் தண்ணிக்கு, அடுத்த வாய்தான் மனுஷனுக்கு.

அந்தச் செவ்வாக்கிழமை நில்ட்டன் மத்தியானத்துக்குள்ள மதகு வரைக்கும் வந்துட்டான். வேலை அங்கயே முடிஞ்சுது. கை நின்னுது, கால் நிக்கல. மதகோட நிறுத்திட்டுத் திரும்பறது அவனுக்கு என்னமோ முகத்துல ஒரு பக்கம் மட்டும் சவரம் பண்ணின மாதிரி இருந்துச்சு. மண்வெட்டியையும், குப்பை வார்ற நீளக்காம்பு முள்கரண்டியையும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடையோரமா மேல நடந்தான்.

கால் மணி நேரம் நடந்திருப்பான். வில்லோ புதருக்கு நடுவுல ஓடையைக் குறுக்கால அடைச்சுக்கிட்டு ஒரு பெரிய குப்பை மேடு. குச்சியும் சேறும் கல்லும் புல்லுமா இடுப்புக்குக் கொஞ்சம் கீழ உயரம், பத்துப் பன்னண்டு தப்படி நீளம். அதுக்குப் பின்னால தண்ணி ஒரு குளமா தேங்கி, பாசி படிஞ்சு, அசையாம கிடந்துச்சு. பாவம் அந்த மெக்சிகோக்காரர், மனசு சரியில்லாம விட்டுட்டுப் போயிட்டார்னு நில்ட்டன் நினைச்சான். மரத்தைக் கடிச்சு ஓடையில அணை கட்டற பீவர்னு ஒரு பிராணி இருக்கறதே அவனுக்குத் தெரியாது. நம்ம மலையில அது ஏது.

குத்தி இழுக்க ஆரம்பிச்சான். சும்மா வரல. ஒரு குச்சியை இழுத்தா பத்துக் குச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு வருது. யாரோ வேணும்னே கட்டின மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணினதை ஓரமா வெச்சுட்டு வேலையைப் பாத்தான். ரெண்டு மணி நேரத்துல நடுவுல ஒரு ஆள் படுக்கற அகலத்துக்குத் தண்ணி பிச்சுக்கிட்டுப் போச்சு. மீதியைத் தண்ணியே இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. குளம் வத்தி, சேத்துல சின்னச் சின்ன மீனெல்லாம் துள்ள ஆரம்பிக்கவும், அதுங்களைத் தொப்பியில அள்ளி அள்ளி ஓடுற தண்ணியில விட்டான். எல்லாம் முடிஞ்சு நின்னான். சாராயம் இல்ல. பையில ஆரஞ்சு சோடா இருந்துச்சு. முதல் வாயைத் தண்ணிக்கு ஊத்திட்டு மீதியைக் குடிச்சான்.

சாயந்தரம் அப்தோன் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெச்சிருந்தார். நில்ட்டன் ரெண்டாவது தட்டு வாங்கும்போதுதான் சொன்னான்.

"மதகுக்கு மேலயும் போய் எடுத்துட்டேண்ணே. எவ்வளவு குப்பை தெரியுமா. ஓடையே செத்துப் போய்க் கிடந்துச்சு."

அப்தோன் கரண்டியைக் கீழ வெச்சார். "மேலன்னா எங்க?"

"வில்லோ காட்டுக்கிட்ட."

"குச்சியும் சேறுமா?"

"ஆமா."

"பின்னால குளம்?"

"ஆமாண்ணே. ஏன்?"

அப்தோன் கையைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் மெதுவா சொன்னார். "தம்பி, அது குப்பை இல்ல. வீடு. மூணு வருஷமா வரிசையில நின்னு இந்தம்மா வாங்கின பீவர் ஜோடியோட வீடு. போன செப்டம்பர்ல கூண்டுல வந்து இறங்குச்சு. மாப்பிள்ளை பொண்ணு வந்த மாதிரி நாங்கெல்லாம் போய் நின்னோம். அந்தம்மா அழுதுச்சு."

நில்ட்டன் ரெண்டாவது தட்டைத் தள்ளி வெச்சான்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் வந்தா ஹாக்கின்ஸ் ஓடை நூல் மாதிரி ஆயிடும், ரெண்டாவது அறுப்புப் புல்லு காயும். முதலாளியம்மாவோட தாத்தா காலத்துல கோடை முழுக்கத் தண்ணி ஓடுமாம். அப்ப ஓடை நெடுக பீவர் இருந்துச்சு. தோலுக்காகப் பிடிச்சுத் தீத்துட்டாங்க. அணை இருந்தா பனி உருகின தண்ணி வேகமா ஓடிடாம தேங்கி, பக்கத்து மண்ணுல ஊறி, கோடையில கொஞ்சம் கொஞ்சமா கசியும். இதையெல்லாம் அன்னிக்கு ராத்திரி அப்தோன்தான் நில்ட்டனுக்குச் சொன்னார். அவன் வந்திருக்கறது இந்தப் பண்ணை பேர் போட்ட விசாவுல. முதலாளியம்மா வேண்டாம்னா அமெரிக்காவுல வேற எங்கயும் வேலை செய்ய முடியாது. நேரா வீடுதான்.

"கரடின்னு சொல்லிடு," அப்தோன் சொன்னார். "கரடி அடிக்கடி அணையைப் பிக்கும். கரடிக்கு விசாவா போகப்போகுது."

"கரடி முள்கரண்டி வெச்சுக்கிட்டா வரும்?"

"மண்ணுல அந்தத் தடத்தையெல்லாம் யாரு பாக்கப் போறா. நீ வாயைத் திறக்காம இரு, போதும்."

காலையில வாய்க்கால்ல தண்ணி கரையைத் தொட்டுக்கிட்டு ஓடிச்சு. குளத்துல இருந்த தண்ணியெல்லாம் ஒரே நாள்ல இறங்கினா அப்படித்தான் இருக்கும். முதலாளியம்மா கையில காபியோட வரப்புல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு அறுபது வயசுக்கு மேல, ஒல்லி, எப்பவும் ஆம்பளைச் சட்டை. நம்ம பாஷை பாதி தெரியும், மீதியை முகத்துலயே சொல்லிடுவாங்க.

"நில்ட்டன், என்ன பண்ணினே? இந்த மாசத்துல இவ்வளவு தண்ணி நான் பாத்ததே இல்ல."

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. கரடியை வாய் வரைக்கும் கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பைப் பாத்ததும் கரடி திரும்பிப் போயிடுச்சு.

"இது நல்ல தண்ணி இல்லம்மா."

"என்னது?"

"பீவரோட தண்ணி. அணையை நான் உடைச்சுட்டேன். குப்பைன்னு நினைச்சேன்."

அவங்க காபியைப் புல்லு மேல ஊத்திட்டாங்க. பாதிக் கோப்பைக்கு மேல இருந்துச்சு. "எவ்வளவு உடைச்சே?"

"முழுசும்மா."

காலிக் கோப்பையைச் சட்டையில துடைச்சாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கடைசியில, "ட்ரூடி வந்து பாக்கட்டும். அதுங்க இன்னும் அங்க இருந்தா ஒரு பேச்சு. இல்லன்னா நான் யோசிக்கணும்"னு சொல்லிட்டு நடந்துட்டாங்க.

"யோசிக்கணும்னா சொன்னாங்க?" அப்தோன் உதட்டைப் பிதுக்கினார். "போன வருஷம் ஒருத்தனைப் பத்தி யோசிச்சாங்க. மூணாம் நாள் பஸ் ஸ்டாண்டுல நான்தான் இறக்கி விட்டேன்."

ட்ரூடிங்கறவங்கதான் பீவர் வேலை பாக்கறவங்க. ஊருக்குள்ள எங்க பீவர் தொந்தரவுன்னு புகார் வந்தாலும் உயிரோட பிடிச்சு, ஜோடி சேத்து, தண்ணி வேணும்ங்கற ஓடையில கொண்டு போய் விடுவாங்க. வியாழக்கிழமை வந்தாங்க. மாரு வரைக்கும் தண்ணி புகாத ரப்பர் உடுப்பு, தலையில இலை ஒட்டிக்கிட்டிருக்கும், குரல் மட்டும் பத்து ஆளுக்கு. ஓடையில இறங்கி, கரையோரம் படுத்து, ஒரு பொந்துக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டு எழுந்தாங்க.

"பொண்ணு உள்ளதான் இருக்கு. ஆணைக் காணோம். குளம் வத்தவும் பயந்து கீழ போயிருக்கும். அது திரும்பலைன்னா இதுவும் தங்காது." முதலாளியம்மா பக்கம் திரும்பினாங்க. "தங்கலைன்னா அடுத்த ஜோடி வேற ஓடைக்குத்தான், கிளென்னா. பட்டியல்ல உனக்குப் பின்னால இருபது பேர்."

முதலாளியம்மா தலையை ஆட்டினாங்க. நில்ட்டனை ஒரு தடவ பாத்தாங்க. அந்தப் பார்வை அடுத்த மூணு வாரமும் அவன் முதுகுல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு.

ட்ரூடி, பீவரைப் படம் பிடிக்க மரத்துல கட்டியிருந்த கேமராவை இறக்கி, படத்தை அவன்கிட்ட நீட்டினாங்க. தொப்பியைக் கழட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அவன் தண்ணிக்கு சோடா ஊத்தறான்.

"உடைச்சது புரியுது. இது என்ன?"

அப்தோன் பதில் சொன்னார். "அது வேலை முடிஞ்ச சந்தோஷங்க."

அன்னிக்கே அணையை ஒட்டுப் போட்டாங்க. ட்ரூடி கம்பு நட்டு, வில்லோ கிளையைக் கூடை மாதிரி பின்னி, நடுவுல சேறு அப்பினாங்க. சேறு நிக்கல, தண்ணி கரைச்சுக்கிட்டே இருந்துச்சு. நில்ட்டன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தான். அப்புறம் கேக்காமலே போய் ஈரப் புல்தரையில வேரோட சதுரம் சதுரமா புல்லுக்கட்டி வெட்டிக்கிட்டு வந்து, செங்கல் மாதிரி அடுக்கி, காலால மிதிச்சான். ஊர்ல மடை அடைக்கறது அப்படித்தான். தண்ணி அடங்குச்சு. ட்ரூடி இடுப்புல கை வெச்சுக்கிட்டுப் பாத்தாங்க. கிளம்பும்போது சொன்னாங்க.

"பத்து நாளைக்கு இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. முக்கியமா நீ."

சும்மா இருக்கறதுதான் அவனுக்கு வராத வேலை. வாய்க்கால்ல தண்ணி நாளுக்கு நாள் ஒரு விரல் இறங்கிக்கிட்டே வந்துச்சு. கீழ் வயல்ல புல்லு நுனி மஞ்சளாச்சு. ஃபோனைக் கையில எடுப்பான், அம்மா பேரைப் பாப்பான், பையில போட்டுடுவான். அந்த வாரம் ஏன் கூப்பிடலைன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில்.

அஞ்சாவது நாள் கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரர் மெர்ல், முதலாளியம்மாவுக்கு ஃபோன் பண்ணினார். எழுபது வயசு, தனி ஆள், யாரையும் பிடிக்காது. வாசல்ல நின்ன நில்ட்டனுக்கே அவர் குரல் கேட்டுச்சு.

"உன்னோட எலி என் மதகுல குடி வந்திருக்கு, கிளென்னா. தண்ணி ஒரு சொட்டு வரல. இன்னிக்கு ராத்திரி லைட்டும் துப்பாக்கியுமா போறேன். சொல்லலைன்னு நீ சொல்லக் கூடாது."

முதலாளியம்மா ட்ரூடியைக் கூப்பிட்டாங்க. கூண்டெல்லாம் வேற பள்ளத்தாக்குல மாட்டியிருக்கு, அஞ்சு நாள் ஆகும்னாங்க ட்ரூடி. முதலாளியம்மா மெர்ல்கிட்ட திரும்பப் பேசினாங்க. அஞ்சு நாள் என் புல்லு தண்ணியில்லாம நிக்காதுன்னு அவர் வெச்சுட்டார். அவர் சொன்னதுலயும் தப்பில்ல. முதலாளியம்மா ஃபோனை மேசையில வெச்சுட்டு ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னாங்க.

நில்ட்டன் அப்தோனைக் கூட்டிக்கிட்டு நேரா மெர்ல் வீட்டுக்குப் போனான். அவனோட இங்கிலீஷ் ஆடு, நாய், தண்ணி, குட்மார்னிங். அதனால நம்ம பாஷையில பேசினான், நிறையவே பேசினான். பெரியவரே, தப்பு என்னோடது, அந்த உயிர் மேல கோபப்படாதீங்க, எங்க ஊர்ல தண்ணிக்காக ஒருத்தருக்கொருத்தர் உதவி பண்ணிக்கறது வழக்கம், உங்க மதகை தினமும் நான் வந்து சுத்தம் பண்ணித் தர்றேன், கூண்டு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க.

அப்தோன் மெர்ல் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல ஒரே வரி சொன்னார். "தினம் காலைல இவன் கிளீன் பண்றானாம்."

"அவ்வளவுதானாண்ணே?"

"நீ சொன்னதுல பாதி மரியாதை. இந்த ஊர்ல அதுக்கு வார்த்தை இல்ல."

மெர்ல் கதவைப் பாதி திறந்து வெச்சபடியே நில்ட்டனை மேலயும் கீழயும் பாத்தார். "அணையை உடைச்ச பையன் இவன்தானா?"

"இவனேதான்."

"அப்ப வேலை தெரிஞ்சவன்தான். ஆறு மணிக்கு என் மதகுல தண்ணி ஓடணும். ஒரு நாள் ஓடலைன்னாலும் அன்னிக்கு ராத்திரி நான் போயிடுவேன்."

மறுநாள்லேருந்து நாலரைக்கு எழுந்து, அப்தோனோட பழைய சைக்கிள்ல மூணு கிலோமீட்டர் போவான். விடியற வெளிச்சத்துல மதகைப் பாத்தா சுத்தமா அடைச்சிருக்கும். முந்தின நாள் அவன் எடுத்துப் போட்ட அதே குச்சியெல்லாம் திரும்ப வந்து உக்காந்திருக்கும். எடுப்பான். ஆறு மணிக்குத் தண்ணி ஓடும். மெர்ல் நாலு சக்கர மோட்டார் வண்டியில வந்து, இறங்காம, காபி குடிச்சுக்கிட்டே தண்ணியைப் பாத்துட்டுப் போவார். அதுக்கப்புறம்தான் நில்ட்டனுக்குப் பண்ணை வேலையே ஆரம்பம்.

மூணாவது நாள் குச்சியை எடுக்கறதுக்கு முன்னாடி குந்தி உக்காந்து பாத்தான். தடிச்ச குச்சியெல்லாம் தண்ணி வர்ற பக்கம் சாஞ்சு ஊணிக்கிட்டிருக்கு. அடியில கல்லு. இடுக்குல வேரோட பிடுங்கின புல்லு, அதுக்கு மேல கையால தட்டின மாதிரி சேறு. ராத்திரி ஒருத்தன் இவ்வளவையும் கட்டியிருக்கான், தனியா, பொண்டாட்டி எங்கன்னு தெரியாம. விடிஞ்சதும் இன்னொருத்தன் வந்து பிச்சுப் போடறான். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்ததில்ல. நில்ட்டன் எழுந்து முள்கரண்டியை எடுத்தான். எடுத்துத்தான் ஆகணும்.

அஞ்சாவது நாள் பெரிய சோதனை. முழுசா ஒரு மரமே மதகுக்குக் குறுக்கால விழுந்திருக்கு. பீவர் கடிச்சுச் சாய்ச்சிருக்கு. நில்ட்டன் தள்ளிப் பாத்தான், நெம்பிப் பாத்தான், கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னு இழுத்தான். அசையல. மணி அஞ்சே முக்கால். ஆறு. மெர்ல் வண்டி சத்தம் கேட்டுச்சு. நில்ட்டன் கிளையை இன்னும் இறுக்கிப் பிடிச்சான். திரும்பிப் பாக்க தைரியமில்ல, இழுத்துக்கிட்டே இருந்தான்.

காபி டம்ளர் மூடற சத்தம். கொஞ்ச நேரம் கழிச்சு இரும்புச் சங்கிலி தரையில இழுபடற சத்தம். மெர்ல் முனகிக்கிட்டே கரையில இறங்கி, சங்கிலி நுனியை நில்ட்டன் கிட்ட வீசினார். சுத்திக் கட்டுன்னு கையைக் காட்டினார். வண்டியில மாட்டி ரெண்டு தடவ உறுமினதும் மரம் புரண்டு வந்துச்சு. தண்ணி பாஞ்சுது. மணி ஆறே கால்.

மெர்ல் கையில கட்டியிருந்த கடிகாரத்தைப் பாத்தார். "என் வாட்ச் ஓடல"ன்னார். அந்த இங்கிலீஷ் நில்ட்டனுக்கே புரிஞ்சுது.

அன்னிக்கு சாயந்தரம் ட்ரூடி கூண்டு கொண்டு வந்து வெச்சாங்க. முதல் ராத்திரி சிக்கல. நில்ட்டன் ஆறாவது நாளும் மதகைச் சுத்தம் பண்ணினான். ஏழாவது நாள் காலையில கூண்டுக்குள்ள தவிட்டு நிறத்துல ஒரு மூட்டை உக்காந்திருந்துச்சு. ஒரு பெரிய ஆட்டுக்குட்டி எடை இருக்கும். தோசைக்கரண்டி மாதிரி வாலு, ஆரஞ்சுப் பல்லு. தூக்கத்துல எழுப்பி ரேஷன் கார்டு கேட்ட மாதிரி ஒரு முகம். அவன் அதைப் பாக்கறது அதுதான் முதல் தடவை.

போன வருஷம் அடையாளத்துக்குக் காதுல மாட்டின வில்லையைக் காணோம், கிழிஞ்ச தழும்பு மட்டும் இருக்கு. நம்மதுதானா, இல்ல வழிப்போக்கனான்னு பாக்கணும்னாங்க ட்ரூடி. தழும்பு சரியா இருக்கு, ஆணான்னு பாத்துட்டா முடிஞ்சுது. பீவருக்கு வெளிய பாத்தா தெரியாது. சாக்குல தலையை மூடி மடியில மல்லாத்திப் போட்டு, வாலுக்குக் கீழ அமுக்கி, விரல்ல வந்ததை மோந்து பாத்தாங்க. அப்புறம் விரலை எல்லாருக்கும் நீட்டினாங்க.

"சொல்லுங்க, என்ன வாடை?"

நில்ட்டன் மோந்தான். "லாரி என்ஜின் ஆயில்."

"பழைய ஆயில்," மெர்ல் திருத்தினார்.

"அப்ப ஆண். பொண்ணா இருந்தா பழைய சீஸ் வாடை வரும்."

அப்தோன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளி நின்னார். "எங்க சித்தப்பா மேலயும் இதே வாடைதான் அடிக்கும். லாரி ஓட்டறார். அவரையும் ஒரு நல்ல ஓடையா பாத்து விட்டுடலாங்களா?"

அன்னிக்குச் சாயந்தரம் அதை மேல கொண்டு போனாங்க. முதலாளியம்மாவும் வந்தாங்க. கூண்டைத் திறந்ததும் அது யாரையும் பாக்கல. குளத்துக்குள்ள இறங்கி, மூழ்கி, போயிடுச்சு. பொந்துப் பக்கமும் ஒண்ணும் அசையல. கால் மணி நேரம் நின்னுட்டு எல்லாரும் இறங்கி வந்தாங்க. முதலாளியம்மா எல்லாருக்கும் முன்னால நடந்தாங்க.

அதுக்கப்புறம் ஒன்பது நாள். நில்ட்டன் ரெண்டு சட்டையையும் துவைச்சு மடிச்சுப் பையில வெச்சுட்டான், சொன்னா உடனே கிளம்பறதுக்கு வசதியா. அப்தோன் கூட கிண்டலை நிறுத்திட்டார், அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

பத்தாவது நாள் காலையில முதலாளியம்மா ட்ரூடியோட மேல போயிட்டு வந்தாங்க. நில்ட்டன் கொட்டகையில மண்வெட்டி தீட்டிக்கிட்டிருந்தான். ட்ரூடி உள்ள வந்து கேமரா படத்தை நீட்டினாங்க. ராத்திரி எடுத்தது, கறுப்பு வெள்ளை. ரெண்டு பீவர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஒரே கிளையைக் கடிச்சுக்கிட்டிருக்கு. அடுத்த படத்துல அவன் அடுக்கின புல்லுக்கட்டி மேல புதுச் சேறு, அதுல நகக்கீறல்.

"உன் சுவரை அதுங்க பிரிக்கல. மேல பூசியிருக்கு," ட்ரூடி சொன்னாங்க. "நான் நட்ட கம்பைத்தான் ரெண்டு கடிச்சுத் தின்னுடுச்சு."

நில்ட்டன் முதலாளியம்மாவைப் பாத்தான். அவங்க மண்வெட்டி முனையை விரலால தடவிப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

"கீழ் வயல் இந்த வருஷம் போச்சு, நில்ட்டன். அது உன்னாலதான். குளம் முன்ன இருந்ததுல பாதிதான் இருக்கு."

"ஆமாங்கம்மா."

"ஒரு அணையால எதுவும் ஆகாது. ஓடை நெடுக பத்து வேணும்ங்கறா இவ, பத்து வருஷம் ஆகுமாம். மேல் ஓடையும் என் நிலம்தான். பனி விழறதுக்குள்ள அங்க மூணு இடத்துல அடித்தளம் போட்டு வெச்சா, வர்ற வருஷம் பிறக்கற குட்டிங்க பின்னால தானா வந்து பிடிச்சுக்கும். அதுக்குப் புல்லுக்கட்டி அடுக்கற ஆள் வேணுமாம்."

"நான் போறேம்மா."

"கேக்கல, சொல்றேன். அடுத்த ஏப்ரல் விசாவுக்கும் உன் பேரை எழுதி அனுப்பிட்டேன்." வாசல் வரைக்கும் போய் நின்னாங்க. "எங்கயாவது குச்சி குவிஞ்சு கிடந்தா என்னைக் கேக்காம தொடக் கூடாது."

அப்தோன் வெளியிலேருந்து எட்டிப் பாத்தார். "அப்ப பஸ் ஸ்டாண்டு இல்லையா? நான் வண்டிக்கு வேற டீசல் போட்டு வெச்சிருந்தேனே."

திங்கக்கிழமை விடியக்காலை நில்ட்டன் மேல் ஓடைக்குக் கிளம்பறான். தங்கறதுக்குக் கூண்டு வண்டி, ரெண்டு மாசத்துக்கு அரிசி, உருளைக்கிழங்கு, ட்ரூடியோட ஆளு ரெண்டு பேர். அங்க சிக்னல் கிடையாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாமான் வாங்க ரோட்டுக்கு இறங்குவான், அப்பதான் ஃபோன் உயிரோட இருக்கும். இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, பதில் வரலையேன்னு நிறுத்திடாம, அவனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டு வைங்க.